ஊர் பேசும் நாள்

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டிலும் அரசு ஆவணத்திலும் மட்டும் தங்கியிருப்பதில்லை. நாற்று நட்டவரின் பாட்டிலும், ஆலைச் சங்கொலிக்கு எழுந்து பழகியவரின் நினைவிலும், பாட்டி சொல்லும் கதையிலும் அது உயிரோடு இருக்கிறது. அவ்வரலாற்றை இசையாகவும் கதையாகவும் செய்கையாகவும் ஒரு நாள் முழுவதும் கட்டணமின்றி ஊர் நடுவே நிகழ்த்துவதே வாழும் வரலாற்று நாள். சென்னையின் மேற்குப் புறநகருக்கு அந்நாள் ஏன் தேவை, அது யாருடைய நாளாக அமைய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சாவடிகள் சூழ்ந்த ஊர்

பூவிருந்தவல்லியையும் ஆவடியையும் இணைக்கும் சாலையில் அமைந்த ஊர் சென்னீர்குப்பம். அதனைச் சூழ்ந்த பகுதியில் குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடி என மூன்று ஊர்கள் 'சாவடி' என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சாவடி என்பது வழிநடந்து வருவோர் தங்கி இளைப்பாறும் பொதுவிடம். வெவ்வேறு திசையினர் ஓரிரவு ஒன்றாகத் தங்கும் இடத்தில் செய்தியும் கதையும் பாட்டும் கைமாறுவது இயல்பு. இன்று அவ்வூர்கள் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களாகவே பலருக்கும் அறிமுகமாகின்றன. நாள்தோறும் அப்பெயர்களைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குவோருள் அவற்றின் பொருளை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஊர்ப்பெயர்களின் வழியே நிலத்தின் வரலாற்றைப் படிக்கலாம் என்பதை இரா.பி. சேதுப்பிள்ளை தம் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலில் நிறுவிக் காட்டினார். பேருந்தில் ஒலிக்கும் பெயர்களே அப்பாடத்தின் முதல் பக்கமாகும்.

இப்பகுதியின் பழமை சென்னை நகரின் வயதைக் கடந்தது. 1639 ஆகத்து 22ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரை நிலம் வழங்கப்பட்டதை ஒட்டியே சென்னை நாள் கொண்டாடப்படுகிறது. அக்கொடையில் பங்குகொண்ட தாமர்ல நாயக்க உடன்பிறந்தாருள் அய்யப்பர் என்பவர் தங்கியிருந்த ஊர் பூவிருந்தவல்லி. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், இராமாநுசர் காலத்தவரான திருக்கச்சி நம்பிகள் இவ்வூரிலிருந்து காஞ்சி வரதருக்குப் பூமாலை கொண்டுசென்றார் என்பது வைணவ மரபு. இன்னும் பின்னோக்கிச் சென்றால், இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குக் கிடைத்த மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. இத்தகைய நிலத்தில் வாழ்வோர் தம் ஊரை 'நகரத்துக்கு வெளியே உள்ள இடம்' என்று மட்டும் அறிந்து வளர்வது பேரிழப்பாகும்.

மாறிய நிலமும் மறையும் நினைவும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்குப் புறநகர் விரைந்து உருமாறியது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாக அறிவித்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. விஜயந்தா டாங்கிகள் அங்கு உருவாயின. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை தேடித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்ககங்களாயின. இம்மாற்றத்தால் பல குடும்பங்கள் கல்வியும் வருவாயும் பெற்று உயர்ந்தன என்பது மறுக்க இயலாத உண்மை. ஆனால், ஒரே தெருவில் வாழ்வோருக்குப் பொதுவான நினைவு ஏதும் இல்லாத நிலையும் இதனோடு சேர்ந்தே வந்தது.

பொதுநினைவு இல்லாமையின் விலை மனவருத்தத்தோடு முடிவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியும் கூவம் ஆறும் ஏரிகளை இணைத்த கால்வாய்களும் இப்பகுதியின் நீர்வாழ்வைத் தாங்கி வந்தவை. எந்தத் தெரு முன்பு வாய்க்காலாக இருந்தது, எந்த மேட்டில் வெள்ளம் ஏறாது, எந்தப் பள்ளத்தில் மழைநீர் வந்து தேங்கும் என்பன உழுது வாழ்ந்த தலைமுறைக்குத் தெரிந்த செய்திகள். அவற்றைக் கேட்டறியாமல் நிலம் வாங்கி வீடு கட்டியோர் பலர். 2015ஆம் ஆண்டின் பெருமழை, நீரின் பழைய வழிகளைச் சென்னை முழுவதற்கும் நினைவூட்டிச் சென்றது. முதியவர் ஒருவர் கதையாகச் சொல்லக்கூடிய செய்தியை, வெள்ளம் வந்து கற்பிக்கும்வரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

வயலின் நினைவைப் போலவே ஆலையின் நினைவும் கரைந்து வருகிறது. முதன்முதலில் எந்திரத்தின் முன் நின்ற தலைமுறையினர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். மிதிவண்டியில் தொழிற்பேட்டைக்குச் சென்ற காலம், மாதச் சம்பளம் வீட்டின் பழக்கங்களை மாற்றிய விதம், தொழிற்சங்கக் கூட்டங்களில் கற்ற பேச்சு ஆகியவை பெரும்பாலும் எழுதப்படாதவை. அவர்களைக் கேட்பதற்கு எஞ்சியிருக்கும் காலம் குறுகியது.

பிற இடங்களின் பட்டறிவு

தொழில்மயம் ஊரின் நினைவை அழிக்கும் என்ற அச்சம் பிற நாடுகளிலும் எழுந்ததுண்டு. சுவீடனில் சிற்றூர்கள் கலைந்து மக்கள் நகரங்களை நாடிய காலத்தில், ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் பல வட்டாரங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து தலைநகர் ஸ்டாக்ஹோமில் நிறுத்தினார். 1891இல் தொடங்கப்பெற்ற 'ஸ்கான்சன்' என்னும் அத்திறந்தவெளிக் காட்சியகத்தில் வீடுகளோடு கைத்தொழிலும் இசையும் ஆடலும் இடம்பெற்றன. கண்ணாடிப் பேழைக்குள் பொருளை வைப்பதற்கு மாறாக, பொருளைக் கையாளும் மனிதரையே காட்டும் முறை அங்கிருந்து உலகெங்கும் பரவியது. தமிழகத்தில் 1996ஆம் ஆண்டு முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்மாநிலங்களின் மரபு வீடுகளையும் கைவினைகளையும் அவ்வாறே காட்சிப்படுத்துகிறது.

இவை போற்றத்தக்க பணிகள். எனினும், இவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. காட்சியகத்துக்குச் செல்பவர் பிறர் வாழ்வைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அவர் குடியிருக்கும் தெருவின் கதை அங்கே கிடைப்பதில்லை. வாழும் வரலாற்று நாளில் வீடு இடம்பெயர வேண்டியதில்லை. ஊரே காட்சியகம் ஆகிறது. அன்று பேசுபவர் அண்டை வீட்டார். கேட்பவரும் அண்டை வீட்டார். இவ்வேறுபாடே அந்நாளின் உயிர்நிலை. வெளியிலிருந்து வந்த குழுவினர் மேடையேறிச் சென்ற பின் கலைந்துபோகும் விழாவுக்கும், ஊரார் தம் கதையைத் தாமே சொல்லும் நாளுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

தமிழ் மரபில் வாழும் வரலாறு

கதையையும் இசையையும் கொண்டு ஊரையே களமாக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. சங்ககாலப் பாணரும் பொருநரும் விறலியரும் ஊர்தோறும் சென்று, ஓரிடத்தின் செய்தியை மற்றோரிடத்துக்குப் பாட்டாகக் கொண்டுசேர்த்தனர். தொண்டை மண்டலத்துத் திரௌபதியம்மன் கோவில்களில் இன்றும் நிகழும் பாரத விழா இம்முறையின் விரிந்த வடிவம். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. அருச்சுனன் தபசு அன்று கூத்தர் உயர்ந்த மரத்தின்மேல் ஏறுகிறார். இறுதி நாளில் மண்ணால் அமைத்த துரியோதனனின் பேருருவம் திடலில் கிடக்க, படுகளம் நிகழ்கிறது. மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் தாளமும் ஒலிக்க, ஊரின் தெருவே குருநாட்டுப் போர்க்களமாகிறது. அதனைக் காண நுழைவுச்சீட்டு வாங்கியவர் எவரும் இலர்.

மரபு இவ்வாறு இருக்கும்போது தனியே ஒரு நாள் எதற்கு என்னும் வினா எழலாம். பாரதக் கூத்து காவியத்தின் கதையைக் காக்கிறது. ஊரின் கதையைத் தனியே எடுத்துப் பேசும் களம் வேறு. மேலும், கோவில் விழாக்கள் எல்லா ஊர்களிலும் எல்லாருக்கும் ஒருபடித்தாக வாயில் திறந்ததில்லை என்பதும் வரலாறே. சாதியும் சமயமும் வகுத்த எல்லைகளுக்கு அப்பால் அனைவரும் ஒரே தரையில் அமர்வதற்குப் பள்ளித்திடல் போன்ற பொதுவிடம் தேவைப்படுகிறது. அம்மனை வணங்குவோரும், தேவாலயத்துக்குச் செல்வோரும், பள்ளிவாசலில் தொழுவோரும், அண்மையில் வடமாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளரும் தயக்கமின்றி வந்தமரும் இடமே பொதுக்களம். கூத்தர் அங்கும் வருவார்; அவருடைய அடவும் பாட்டும் அங்கும் ஒலிக்கும். கோவில் விழாவுக்கு இது போட்டியன்று, துணையாகும்.

பாட்டும் சான்றும்

நினைவை வரலாறாகக் கொள்ளலாமா என்னும் தடை வலிமையானது. நினைவு பிழைபடும்; விரும்பியதைப் பெரிதாக்கும்; வெட்கப்பட வைப்பதை மறைக்கும். இதற்குத் தமிழ்க் கதைப்பாடல்களே தெளிவான விடை தருகின்றன. செஞ்சியை ஆண்ட தேசிங்கு, ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது 1714இல் மாண்டான். ஆவணங்கள் தரும் செய்தி ஏறக்குறைய அவ்வளவே. அவன் கதையைப் பாடும் மக்களோ, திருமணக் கோலத்தை விட்டு நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்த மகமத்துகானையும் மறவாமல் பாடுகின்றனர். ஆண்டும் படைபலமும் அறிய ஆவணத்தை நாட வேண்டும். இருவேறு சமயத்தவரின் நட்பை மக்கள் எத்துணை உயர்வாக மதித்தனர் என்பதை அறியப் பாட்டைக் கேட்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை.

கதைப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்த நா. வானமாமலையும், நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்த கி. ராஜநாராயணனும் மக்களின் வாய்மொழியை அறிவுக்கு உரிய பொருளாக மதித்தனர். அம்மதிப்போடு ஆராயும் பார்வையும் சேர வேண்டும். ஆகவே, வாழும் வரலாற்று நாளில் கதை கதையாகவும் சான்று சான்றாகவும் அறிவிக்கப்பட வேண்டும். 'இவ்வாறு ஊரில் சொல்வார்கள்' என்பதற்கும் 'இவ்வாறு கல்வெட்டு கூறுகிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் அங்கேயே கற்றுக்கொள்வர். இருவர் ஒரே நிகழ்ச்சியை வேறுவேறாக நினைவுகூர்ந்தால் இருவரையும் பேசவிடுவதே முறை. பழம்பெருமையை மட்டும் அடுக்கிக் காட்டும் விழா, வரலாற்றின் பெயரால் நடைபெறும் அலங்காரமாகவே முடியும். பொதுக்கிணற்றில் நீர் எடுக்க விடப்படாதவரின் நினைவும் ஊர் வரலாறே. கேட்பதற்கு அது கடினமாக இருக்கலாம். கேட்காமல் விட்டால் மற்றவை அரைகுறையாகும்.

கட்டணமில்லா வாயில்

கட்டணமின்மை இந்நாளின் அடிப்படை விதி. நுழைவுச்சீட்டு பத்து ரூபாயாக இருப்பினும், நான்கு பிள்ளைகளோடு வரும் கூலித்தொழிலாளி வாயிலில் நின்று கணக்குப் பார்க்க நேரும். ஊரின் கதையைக் கேட்பதற்கு ஊராரிடமே விலை கேட்பது பொருந்தாது. இவ்வகையில் சென்னை சில நல்ல முன்மாதிரிகளைக் கண்டுள்ளது. 2004 முதல் ஆகத்து மாதத்தில் தன்னார்வலர்கள் நடத்திவரும் சென்னை நாள் நிகழ்ச்சிகளில் மரபு நடைகளும் உரைகளும் இடம்பெறுகின்றன. 2007ஆம் ஆண்டு பொங்கலையொட்டித் தொடங்கப்பெற்ற சென்னை சங்கமம், நாட்டுப்புறக் கலைஞர்களைப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் அழைத்துவந்தது. இடையில் நின்றுபோன அவ்விழா 2023 முதல் 'நம்ம ஊரு திருவிழா' என மீண்டும் நிகழ்கிறது.

இவற்றுள் தனித்துக் கருதத்தக்கது, 2015ஆம் ஆண்டு பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா. இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் மீனவ மக்களோடும் தன்னார்வலர்களோடும் இணைந்து அதனை உருவாக்கினர். சபாக்களில் ஒலித்த கருநாடக இசையும் தெருவில் ஒலித்த பறையும் ஒரே மேடையில் அடுத்தடுத்து ஒலித்தன. நகரத்தார் பலர் குப்பத்துக்குள் கால்வைத்தது அதுவே முதன்முறை. எந்தக் கலை உயர்ந்தது என்ற வினாவைக் கடற்கரை மணலில் அனைவரையும் ஒன்றாக அமரவைத்து அவ்விழா எழுப்பியது. மாநகரின் நடுவிலும் கடலோரத்திலும் நிகழ்ந்த இம்முயற்சிகள் மேற்குப் புறநகரின் உட்பகுதிகளையும் எட்ட வேண்டும்.

காண்போருக்குக் கட்டணம் இல்லை என்பதைக் கலைஞருக்கு ஊதியம் இல்லை எனப் பொருள்கொள்வது பெருந்தவறு. கூத்தரும் பறையிசைப்போரும் வில்லுப்பாட்டுக் கலைஞரும் அக்கலையால் வாழ்பவர்கள். முழு இரவும் ஆடும் கூத்தருக்குப் பயணமும் ஒப்பனையும் உணவும் செலவாகும். 'மரபைக் காக்கும் தொண்டு' என்று புகழ்ந்து பொன்னாடை போர்த்தி வெறுங்கையோடு அனுப்பினால், அவருடைய பிள்ளை அக்கலையைக் கையிலெடுக்க மாட்டார். விளம்பரப் பதாகைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுவதற்கு முன், கலைஞரின் ஊதியத்தை ஒதுக்கிவைப்பதே நேர்மை. அச்செலவை உள்ளாட்சி அமைப்பும், சுற்றிலும் இயங்கும் தொழில் நிறுவனங்களும், இயன்ற அளவு ஊர்மக்களும் பகிர்ந்துகொள்ளலாம். பணம் கொடுத்தவரின் பெயர் ஊரின் பெயரைவிடப் பெரிதாக எழுதப்படாமல் காப்பது அமைப்பாளரின் கடமை.

சென்னீர்குப்பத்தில் ஒரு நாள்

இத்தகைய நாளைச் சென்னீர்குப்பம் போன்ற ஊரில் அமைப்பதற்குப் பெரும் அரங்கோ வண்ண விளக்குகளோ வேண்டா. காலையில் முதியவர் ஒருவர் முன்செல்ல, மாணவர்கள் பழைய நீர்வழிகளின் வழியே நடந்து அவற்றை வரைபடத்தில் குறிக்கலாம். முற்பகலில் பூத்தொடுப்போரும் மண்பாண்டம் வனைவோரும் தச்சரும் தம் தொழிலைச் செய்துகாட்டிக் கற்பிக்கலாம். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர், தாம் கையாண்ட கருவிகளை மேசைமீது வைத்து அவற்றின் கதையைச் சொல்லலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் இருளர் மக்கள், மரமும் மூலிகையும் பற்றிய தம் அறிவையும் பாடல்களையும் தாம் விரும்பும் வகையில் பகிரலாம். அவர்களைக் காட்சிப்பொருளாக நிறுத்தாமல் ஆசிரியராக அமரச்செய்வது இன்றியமையாதது. புதிதாகக் குடியேறியோர் தாம் விட்டுவந்த ஊரின் தாலாட்டைத் தம் மொழியிலேயே பாடலாம். இரவில் கூத்து நிகழலாம்.

இவை அனைத்தினும் முதன்மையானது அந்நாளுக்கு முந்தைய உழைப்பு. மாணவர்கள் பல வாரங்களுக்கு முன்பே வீடுவீடாகச் சென்று முதியோரிடம் வினவி, அவர்தம் இசைவோடு பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்ய வேண்டும். பெயர், பிறந்த ஆண்டு, ஊருக்கு வந்த காலம், பேசிய நாள் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். 'மன்னர் யார், போர் எப்போது' என்று கேட்டால் முதியோர் பலர் வாய்மூடிவிடுவர். 'நாற்று நடும்போது என்ன பாடினீர்கள், மழை பெய்தால் நீர் எந்தப் பக்கம் ஓடும், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்' என்று கேட்டால் ஊர் விரியும். பதிவுகளின் படி ஊர் நூலகத்திலும் பள்ளியிலும் பாதுகாக்கப்பட்டால், ஒரு நாளின் நிகழ்வு பல தலைமுறைகளின் ஆவணமாகும்.

ஆண்டில் ஒரு நாள் போதுமா என்று ஐயுறுவோர் உண்டு. ஒரே நாளில் ஊரின் வரலாறு முழுவதும் மீண்டுவிடாது. ஆனால், அன்று ஒருவரையொருவர் அறிந்துகொண்டோர் மறுநாள் தெருவில் கண்டால் நின்று பேசுவர். மேல்தளத்தில் வாழும் இளைஞருக்கு, கீழ்வீட்டு முதியவர் ஒரு காலத்தில் அதே மண்ணில் நெல் அறுத்தவர் என்பது தெரியவரும். அம்முதியவருக்கு, இளைஞரின் பாட்டனாரும் வேறொரு மாவட்டத்தில் நெல் அறுத்தவரே என்பது தெரியவரும். ஏரிக்கரையை ஆக்கிரமிக்க ஒருவர் முற்படும்போது, அது ஏரி என்று சொல்ல ஊரில் நூறு பேர் இருப்பர். ஊரை அறிந்தவரே ஊருக்காகப் பேச முன்வருவர்.

முதியோர் காத்திருக்கின்றனர்; அவர்களிடம் கேட்போர்தாம் குறைவு. தம் தெருவில் வாழும் எண்பது வயதுக்காரர் ஒருவரின் பெயரையேனும் அறியாத மாணவர், இந்த வாரமே அவர் வீட்டுத் திண்ணையில் சென்று அமரலாம். வாழும் வரலாற்று நாளுக்கான முதற்பணி அங்கேதான் தொடங்குகிறது.